கடல் சேற்றில் நிற்கும் காட்டு நெல்: தானிப் புல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய ஆறுகள் வங்காள விரிகுடாவில் கலக்கும் இடத்தில் ஓதம், அதாவது கடலின் ஏற்றநீர், வற்றியதும் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும். அந்தச் சேற்றில் முதலில் பச்சை பிடிப்பது ஒரு புல். நாம் உண்ணும் நெல்லுக்கு அது நெருங்கிய உறவு. நாளுக்கு இரண்டு முறை உப்புநீரில் முழுகி எழுந்தாலும் அது சாவதில்லை. இதைக் கேள்விப்பட்டவர்கள் "அப்படியானால் கடல்நீரில் நெல் போடலாமா?" என்றுதான் உடனே கேட்கிறார்கள். அதற்கான பதில் கீழே இருக்கிறது. ஆனால் அந்த ஒரு கேள்விக்காக மட்டும் இந்தப் புல்லைத் திரும்பிப் பார்ப்பது அதற்குச் செய்யும் நியாயம் ஆகாது என்பது என் எண்ணம்.

தானிப் புல் என்பது எது?

பல்லாண்டு வாழும் உவர்நிலப் புல் அது. அறிவியல் பெயர் ஒரைசா கோவார்க்டேட்டா. மேற்கு வங்கத்தில் தானி புல் என்றும் வங்கதேசக் கரையில் ஊரி புல் என்றும் சொல்கிறார்கள். முழங்காலிலிருந்து இடுப்பு வரை உயரும். இலைகள் விறைப்பாக மேல்நோக்கி நிற்கும், தொட்டால் தோல்போலத் தடித்திருக்கும், ஓரங்களில் நுண்ணிய முட்கள் இருக்கும். இலையின் மேற்புறத்தைக் கூர்ந்து பார்த்தால் நீளவாக்கில் மேடும் பள்ளமும் மாறி மாறி ஓடுவது தெரியும். இந்த மேடுபள்ளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உப்பு பற்றிய பதிலில் இது திரும்ப வரும். கதிர் ஒடுக்கமானது, மணிகள் குறைவு. ஆனால் ஒவ்வொரு மணியும் நெல்மணியை விடப் பெரிது.

சில நூல்களில் போர்ட்டரேசியா என்று இருக்கிறதே, அது வேறு செடியா?

அதே செடிதான். ஸ்காட்லாந்திலிருந்து வந்து சென்னை மாகாணத்திலும் பின்னர் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலும் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பர்க் இதை நெல்லின் பேரினமான ஒரைசாவில் சேர்த்தார். இலை அமைப்பிலும் விதையின் கருவிலும் இது மற்ற நெல்லினங்களோடு ஒட்டவில்லை என்பதால் ஜப்பானியத் தாவரவியலாளர் டடேயோகா 1965-இல் தனிப் பேரினமாகப் பிரித்தார். ஆப்பிரிக்க நெல்லை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் போர்ட்டரேயின் பெயரை அதற்குச் சூட்டினார். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி வந்தபின் இது நெல் பேரினத்துக்குள்ளேயே இருக்க வேண்டிய செடி என்று தெளிவானது. இப்போது பழைய பெயரே திரும்பிவிட்டது. பழைய கட்டுரைகளைத் தேடுபவர்கள் இரண்டு பெயரையும் போட்டுத் தேட வேண்டும்.

எங்கெல்லாம் வளர்கிறது?

தெற்காசியக் கடற்கரையின் பெரிய கழிமுகங்களில். மேற்கே பாகிஸ்தானின் சிந்து நதிக் கழிமுகம், கிழக்கே மியான்மர். இடையில் கோவாவின் மாண்டவி, சுவாரி கழிமுகங்கள், ஆந்திரத்தின் கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகங்கள், ஒடிசாவின் மகாநதிப் பகுதி, இரு நாடுகளிலும் விரிந்து கிடக்கும் சுந்தரவனம், வங்கதேசத்தின் மேக்னா முகத்துவாரம். இந்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள், ஒரு பொதுத்தன்மை புலப்படும். எல்லாம் ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் இடங்கள். வெறும் உப்பு இருந்தால் மட்டும் இந்தப் புல்லுக்குப் போதாது, புது வண்டலும் வேண்டும். மணற்கரையில் இதைத் தேடிப் பயனில்லை. ஓதம் தொடாத உள்நாட்டு உவர்நிலத்திலும் இது இராது.

கழிமுகத்துக்குள்ளும் இதற்கென்று ஓர் இடம் உண்டு. தாழ் ஓதத்தில் வெளித்தெரிந்து உயர் ஓதத்தில் மூழ்கும் பட்டையில், நீரோட்டத்தை நோக்கிய ஓரத்தில் நிற்கும். அதற்குப் பின்னால் கொஞ்சம் உயரமான நிலத்தில் வெண்கண்டல் முதலான மரங்கள். நிலத்திலிருந்து பார்த்தால் காட்டின் கடைசி வரிசை, கடலிலிருந்து பார்த்தால் முதல் வரிசை.

நன்னீரில் வளராதா?

வளரும். உப்பு இல்லாவிட்டால் செத்துவிடும் செடி அல்ல இது. தொட்டியில் நன்னீர் விட்டும் வளர்க்கிறார்கள். ஆனால் இயற்கையில் நன்னீர்க் கரைகள் நாணலுக்கும் கோரைக்கும் சொந்தம். அவை வேகமாக உயர்ந்து நிழல் கட்டிவிடும். தானிப் புல் மெதுவாக வளர்வது, அந்தப் போட்டியில் நிற்க அதனால் முடியாது. மற்றவை வர முடியாத இடமே இதற்கு வாழ்விடமாகிறது.

எவ்வளவு உப்பைத் தாங்கும்?

மண்ணின் உப்பை அதன் மின்கடத்தும் திறனால் அளக்கிறோம். மண்சாற்றில் ஒரு மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் அது உவர் மண். சாகுபடி நெல்லுக்கு 3 டெசிசைமனிலேயே விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் ஏறக்குறைய 12 விழுக்காடு இழப்பு என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. அப்படியென்றால் 7 டெசிசைமனைத் தாண்டும்போது பாதி விளைச்சல் போய்விடுகிறது.

தானிப் புல் 20 முதல் 40 டெசிசைமன் வரை உள்ள நீரில் முழுகி எழுகிறது. திறந்த கடலின் நீர் ஏறத்தாழ 50 டெசிசைமன். ஆகவே "கடல்நீரைத் தாங்கும்" என்று பொதுவாகச் சொல்வதை விட, "ஆற்றுநீர் கலந்த கழிமுக உப்பைத் தாங்கும்" என்று சொல்வதே சரி. அதுவே நெல்லின் எல்லையோடு ஒப்பிட்டால் வியக்க வைக்கும் அளவு.

எப்படித் தாங்குகிறது?

இந்தக் கேள்விக்குத்தான் பதில் நீளமாக வரும், ஏனென்றால் இதில் ஒரே ஒரு தந்திரம் இல்லை.

உப்பு செடிக்கு இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. மண்ணீரில் உப்பு மிகுந்தால் வேரால் நீரை இழுக்க முடியாமல் போகிறது. சுற்றிலும் தண்ணீர் நின்றாலும் செடி வறட்சியில் நிற்பது போலத்தான். இது முதல் கெடுதல். இரண்டாவது, உள்ளே புகுந்த சோடியம் பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்து உயிரணுவின் வேலைகளைக் குலைக்கிறது. சாகுபடி நெல்லின் இலை நுனி காய்ந்து பழுப்பாவது பெரும்பாலும் இந்த இரண்டாவதால்தான்.

தானிப் புல்லின் இலை மேற்புறத்துப் பள்ளங்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஓர் உயிரணு. இலைக்குள் வந்துசேரும் உப்பின் ஒரு பகுதி இந்த மயிர்களில் சேர்கிறது. நிறைந்ததும் மயிர் வெடித்து உப்பு இலைமேல் வந்துவிடுகிறது, அந்த இடத்தில் புது மயிர் முளைக்கிறது. அடுத்த ஓதம் வெளிவந்த உப்பைக் கழுவிக்கொண்டு போகிறது. நாளுக்கு இருமுறை மூழ்குவது இந்தச் செடிக்குத் தொல்லை என்றே நாம் நினைக்கிறோம். எனக்கு அதில் பாதி உதவி என்று தோன்றுகிறது.

உப்பை வெளியேற்றுவதோடு வேலை முடிவதில்லை. உப்பு ஏறியபோதும் இலையில் சோடியத்துக்கு ஈடாகப் பொட்டாசியத்தைக் குறையாமல் வைத்துக்கொள்கிறது. நடுத்தர உப்பில் சில வாரங்கள் வளர்த்துப் பார்த்தபோதும் இலையில் சோடியம் பொட்டாசியத்தை மிஞ்சவில்லை. கூடவே இனாசிட்டால் வகைச் சர்க்கரை ஆல்ககால்களைச் செய்து உயிரணுக்களில் நிரப்பிக்கொள்கிறது. இவை புரதங்களைக் கெடுக்காமல் உள்ளே நீரைப் பிடித்துவைக்கும். ஆக, மயிர், வேர், உள்ளே நடக்கும் வேதி வேலை எல்லாம் சேர்ந்து செய்கிற காரியம் இது. ஒன்றைப் பிய்த்தெடுத்து இன்னொரு செடியில் ஒட்டினால் அதே பலன் வந்துவிடும் என்று நம்ப இடமில்லை.

நாள்தோறும் மூழ்கினால் வேர் அழுகாதா?

கழிமுகச் சேற்றில் ஒரு விரற்கடைக்குக் கீழேயே ஆக்சிஜன் இல்லை. சாகுபடி நெல்லைப் போலவே இதன் வேரிலும் நிலத்தடித் தண்டிலும் காற்றறைகள் இருக்கின்றன. இலை வெளியே இருக்கும் நேரத்தில் காற்று அவற்றின் வழியே கீழே போகிறது. வயல் நெல்லுக்கும் இதற்கும் உள்ள உறவு தெளிவாகத் தெரிவது இந்த இடத்தில்தான்.

எப்படிப் பெருகுகிறது?

பெரும்பாலும் நிலத்தடித் தண்டால். சேற்றுக்குள் கிடைவாக ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டு மேலே புதுத் தூரை அனுப்பும். சில தூர்களில் தொடங்கி ஒரு திட்டு முழுவதும் பரவிவிடும். விதையும் உண்டு, ஆனால் அதைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. உலர்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். நெல்விதையைக் குதிரில் போட்டு அடுத்த போகம் வரை வைப்பது போல இதை வைக்க வழியில்லை. ஆய்வு நிலையங்கள் இதை உயிருள்ள செடியாகவே பேணுவதற்கு இதுவே காரணம். மீட்டெடுப்பு நடவுக்கும் விதை உதவாது, தூரைப் பிரித்து நடுவதே வழக்கம்.

இதனால் கழிமுகத்துக்கு என்ன பயன்?

இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பதே என் மனக்குறை.

மேக்னா முகத்துவாரத்தில் ஆண்டுதோறும் புதுத் திட்டுகள் உருவாகின்றன, பழையவை கரைகின்றன. அந்தத் திட்டுகளை வங்காளத்தில் சர் என்பார்கள். புதுச் சரில் மண் இளகியிருக்கும், கால் வைத்தால் தொடை வரை இறங்கும். அங்கே ஊரி புல் காலூன்றியதும் மண்ணைத் தண்டும் வேரும் பின்னிப் பிடிக்கின்றன. இலைகளுக்கிடையே ஓதநீரின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த நீர் வண்டலை இறக்குகிறது. திட்டு சிறிது சிறிதாக உயர்கிறது. வங்கதேச வனத்துறை 1966 முதல் கடற்கரையில் மரம் நட்டுவருகிறது. அவர்கள் அதிகம் நடும் மரம் கேவ்ரா என்னும் அலையாத்தி மரம். புதுத் திட்டு நடவுக்குத் தயாரா என்பதை அறிய அவர்கள் பார்க்கும் அடையாளங்களில் இந்தப் புல்லும் ஒன்று. புல் வந்துவிட்டால் மண் நிற்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

எருமைகளுக்கு இது நல்ல மேய்ச்சல். சர்களில் எருமை வளர்ப்பவர்கள் இதை நம்பியிருக்கிறார்கள். நிஜும் தீவில் 1970களில் விடப்பட்டுப் பெருகிய புள்ளிமான்களும் இதை மேய்கின்றன. ஓதம் ஏறியபோது சிறு மீன்களும் இறால் குஞ்சுகளும் தூர்களுக்கு நடுவே ஒதுங்குகின்றன. வற்றியபோது நண்டுகளும் சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளும் வருகின்றன.

2009 மே மாதம் ஐலா புயல் சுந்தரவனத்தின் மண்கரைகளை உடைத்து வயல்களில் உப்புநீரை ஏற்றியது. 2020 மே மாதம் ஆம்பன். ஒவ்வொரு முறையும் கரையை இன்னும் உயர்த்த வேண்டும் என்ற பேச்சு வருகிறது. கரைக்கு முன்னால் கிடக்கும் சேற்றை யார் பிடித்துவைப்பது என்ற கேள்வி எழுவதில்லை. சேறு அரித்துப்போனால் எவ்வளவு உயரமான கரையும் அடியில் தோண்டப்பட்டுச் சரியும். சுந்தரவனத்தின் இந்தியப் பகுதியில் சிதைந்த கரையோரங்களில் முதலில் தானிப் புல் போன்ற உள்ளூர் உவர்ப்புற்களை நட்டு, மண் பிடித்தபின் அலையாத்திக் கன்றுகளை வைக்கும் முறையை ஆய்வாளர்கள் செய்துபார்த்திருக்கிறார்கள். வெறும் சேற்றில் நேரே கன்று நட்டு, அடுத்த உயர் ஓதத்தில் பறிகொடுப்பதை விட இது பொறுமையான, ஆனால் உறுதியான வழி.

இதன் மணியை உண்ணலாமா, பயிராக வளர்க்கலாமா?

பயிராக்கும் அளவுக்கு மணி இல்லை. கதிருக்குச் சிலவே பிடிக்கின்றன, அவையும் முற்றியதும் உதிர்ந்துவிடும். கால்நடைத் தீவனம் என்ற அளவில் பயன் உண்டு, தானியம் என்ற அளவில் இல்லை.

சரி, கடல்நீரில் விளையும் நெல்லை இதிலிருந்து உருவாக்க முடியுமா?

முயல்கிறார்கள், நீண்ட காலமாக.

முதல் தடை மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள். நாம் பயிரிடும் நெல்லுக்கு 24 குரோமோசோம்கள், தானிப் புல்லுக்கு 48. எண்ணிக்கை மட்டுமல்ல, வகையும் வேறு. நெல்லின் மரபணுத் தொகுதியை ஏஏ என்றும் இதனுடையதை கேகேஎல்எல் என்றும் குறிக்கிறார்கள். உறவு நெருக்கம்தான், ஆனால் கலப்பு நடக்கும் அளவுக்கு நெருக்கம் இல்லை. மகரந்தம் போட்டாலும் கரு பாதியில் மடிந்துவிடும். மடியுமுன் அதைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் வளர்க்க வேண்டும்.

நெல் ஆய்வாளர் க்ஷிரோத் ஜெனா 1990களிலேயே இந்தக் கலப்பினத்தை உருவாக்கிக் காட்டினார். 2013-இல் பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐஆர்56 நெல்லோடு கலந்த புதிய முயற்சியை அறிவித்தது. ஆயிரக்கணக்கான பூக்களில் கலப்புச் செய்தும் காப்பாற்ற முடிந்த கருக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கிடைத்த செடியை மீண்டும் மீண்டும் நெல்லோடு கலந்து, உப்பைத் தாங்கும் குணம் மட்டும் நின்று மற்றவை விலகும்படி செய்வது அடுத்த வேலை. அது தலைமுறைகள் பிடிக்கும் வேலை. இந்தக் கலப்பிலிருந்து உழவர் கைக்கு எட்டும் ரகம் நாளையே வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கலப்பு கடினம் என்றால் மரபணுவை மட்டும் எடுத்து வைக்கலாமே?

அந்த வழியில் நடந்த வேலைகளில் எனக்குப் பிடித்தது கொல்கத்தா போஸ் ஆய்வு நிறுவனத்தில் அருண் லாகிரி மஜும்தாரின் குழு செய்தது. இனாசிட்டால் தயாரிப்பின் முதல் படியைச் செய்யும் ஒரு நொதியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சாகுபடி நெல்லிலும் அதே நொதி உண்டு, ஆனால் உப்பு ஏறினால் முடங்கிவிடும். தானிப் புல்லின் நொதி கடல்நீருக்கு நிகரான உப்பிலும் வேலை செய்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, புரதச் சங்கிலியின் நடுவே 37 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டில் அடங்கியிருந்தது. 2004-இல் வெளியான அந்த ஆய்வில், இந்த மரபணுவைப் பெற்ற புகையிலைச் செடிகள் கடல்நீரின் பாதி உப்பிலும் ஒளிச்சேர்க்கையைப் பெருமளவு தக்கவைத்துக்கொண்டன.

சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இந்தப் புல்லை ஆராய்ந்துவருகிறது. சோடியத்தைக் கடத்தும் புரதம் நெல்லில் எப்படி, இதில் எப்படி என்று ஒப்பிட்ட வேலை அவர்களுடையது. 2018-இல் இப்புல்லின் மரபணுத்தொகுதியின் முதல் வரைவும் வெளியானது. இவை மதிப்புமிக்க வேலைகள். ஆனால் தொட்டியில் நிற்கும் புகையிலைக்கும் உவர்வயலில் நிற்கும் நெல்லுக்கும் இடையே தூரம் அதிகம். உப்பைத் தாங்குவதற்குச் செடி தன் சக்தியைச் செலவிடுகிறது. தானிப் புல் அந்தச் செலவை மெதுவான வளர்ச்சியாலும் குறைந்த மணியாலும் ஈடுகட்டுகிறது. நமக்கோ நிறைய மணியும் வேண்டும், உப்பையும் தாங்க வேண்டும். இந்த முரண்பாட்டை ஒரே மரபணு தீர்த்துவைக்காது.

கேரளத்தின் பொக்காளி நெல் இதன் வகையா?

இல்லை. பொக்காளி சாகுபடி நெல்லேதான், உப்பை ஓரளவு தாங்கும் பழைய ரகம். அதன் வயலில் பருவமழை உப்பைக் கழுவித் தணித்தபின்தான் விதைக்கிறார்கள். அறுவடை முடிந்து உப்பு திரும்ப ஏறும்போது அதே வயலில் இறால் வளர்ப்பு. உழவர்கள் உப்பின் பருவத்தைப் படித்து அமைத்துக்கொண்ட முறை அது. இன்றைக்கு உவர்நிலத்தில் நெல் வேண்டுவோர் முதலில் திரும்ப வேண்டியது இத்தகைய ரகங்களின் பக்கம்தான்.

என் நிலம் உவராகிவிட்டது. தானிப் புல்லை நட்டால் சரியாகுமா?

ஆகாது. ஓதம் ஏறி இறங்காத நிலத்தில் இதற்கு வேலையில்லை. உள்நாட்டுக் களர் நிலத்துக்குக் கல்லர் புல் என்ற வேறு பல்லாண்டுப் புல் இருக்கிறது. கர்னால் புல் என்றும் சொல்வார்கள். பாகிஸ்தான் பஞ்சாபிலும் அரியானாவிலும் களர் நிலத்தை மீட்கப் பயன்பட்டிருக்கிறது. அதன் வேர் மண்ணைத் திறந்து நீர் இறங்க வழி செய்கிறது, கூடவே தீவனமும் கிடைக்கிறது.

இவ்வளவு நல்ல புல்லை மற்ற நாட்டுக் கரைகளுக்கும் கொண்டுபோகலாமே?

கூடாது. சீனா 1979-இல் கரையைக் காக்க வட அமெரிக்காவின் ஸ்பார்ட்டினா புல்லைக் கொண்டுவந்தது. அதுவும் உப்பைத் தாங்கும் பல்லாண்டுப் புல்தான், மண்ணை நன்றாகப் பிடித்தது. பிடித்ததோடு நிற்காமல் கரைப்பறவைகள் இரை தேடும் திறந்த சேற்றுவெளிகளையும் உள்ளூர்ச் செடிகளின் இடத்தையும் மூடிவிட்டது. அதில் பெரும்பகுதியை அகற்ற 2022-இல் அந்நாட்டு அரசு திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. அந்தந்தக் கழிமுகத்தில் அங்கேயே உள்ள புல்லை நடுவதே முறை.

இதற்கு ஆபத்து உண்டா?

உண்டு, பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. ஆற்றில் அணையும் தடுப்பணையும் கட்டும்போது நன்னீரும் வண்டலும் கடலுக்கு வருவது குறைகிறது. சிந்துவின் குறுக்கே கோட்ரி தடுப்பணை 1955-இல் வந்தபின் அந்தக் கழிமுகம் சுருங்கியது இதற்குக் கண்முன் நிற்கும் சான்று. நன்னீர் குறைந்தால் உப்பு இந்தப் புல்லின் எல்லையையும் தாண்டும், வண்டல் குறைந்தால் அது காலூன்றும் சேறே இராது. இறால் பண்ணைக்காகத் திட்டுகளை வளைப்பது, அளவுமீறிய மேய்ச்சல், இறால் குஞ்சு பிடிக்க நாளெல்லாம் வலை இழுத்துச் சேற்றை மிதிப்பது இவையும் சேர்கின்றன. குஞ்சு பிடிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, வேறு வருமானம் இல்லாதவர்கள் அவர்கள். அவர்களுக்கு மாற்று வழி தராமல் போடும் தடை நிற்காது.

இந்தியாவின் 2019-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அலையாத்திக் காடுகளையும் உயிர்வளம் மிகுந்த சேற்றுப் படுகைகளையும் மிகுந்த காப்பு தேவைப்படும் முதல் வகையில் வைத்திருக்கிறது. தானிப் புல் நிற்கும் சேறும் அதில் அடங்கும். ஆனால் களத்தில் அளவெடுக்கும்போது மரம் நிற்கும் இடம் மட்டும் காடு என்று குறிக்கப்பட்டு, அதற்கு முன்னால் இருக்கும் புல் தரிசாகக் கருதப்படும் அபாயம் இருக்கிறது. கழிமுகத்துக்குக் கரை, துறை, சாலை எது திட்டமிட்டாலும், தாழ் ஓதத்தில் நேரில் போய்ப் புல் எதுவரை நிற்கிறது என்று பார்த்து, அந்த எல்லையையும் வரைபடத்தில் ஏற்றிய பிறகே கோடு போட வேண்டும்.